காரில் ரொக்கம் வைத்திருப்பவர்கள் அறிய வேண்டியது

‘அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் 1,24,700 டாலர் ரொக்கம்.’ அமெரிக்காவின் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்த வழக்கின் பெயர் இது. எதிர்த்தரப்பில் மனிதர் பெயர் இல்லை, பணம்தான் நிற்கிறது.

நெப்ராஸ்கா மாநிலத்தில், வேகமாக ஓட்டியதற்காக ஒரு வாடகைக் காரைப் போலீஸ் நிறுத்தியது. உணவுப் பொருள் வைக்கும் குளிர்பெட்டிக்குள் நோட்டுக் கட்டுகள் இருந்தன. போதைப்பொருள் எதுவும் கிடைக்கவில்லை. குளிர்சாதன லாரி வாங்குவதற்காகப் பலரும் சேர்ந்து போட்ட பணம் என்றார் ஓட்டி வந்தவர். கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. இவ்வளவு பெரிய தொகை, வேறொருவர் பெயரில் எடுத்த வாடகைக் கார், மோப்ப நாய் காட்டிய அறிகுறி, பெரிய தொகை இருக்கிறதா என்று அதிகாரி கேட்டபோது இல்லை என்று சொன்னது, எல்லாம் சேர்ந்து போதைக் கடத்தலோடு தொடர்பைக் காட்டப் போதும் என்றது.

நான் அமெரிக்காவில் வழக்கறிஞராகத் தொழில் செய்பவன். இதைச் சொன்னால் நம் ஆட்கள் முதலில் கேட்பது, “குற்றமே நிரூபிக்காமல் எப்படி எடுக்க முடியும்?” என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் சிவில் பறிமுதல் எனப்படும் இந்த முறையில் குற்றம் சாட்டப்படுவது பொருள். உரிமையாளர்மேல் வழக்கே போட வேண்டியதில்லை. கடல் கடந்து இருக்கும் முதலாளியைப் பிடிக்க முடியாதபோது கப்பலையே பிடித்து வைத்த பழைய கடல்சார் சட்டத்தின் வாரிசு இது. ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் இங்கே தேவையில்லை. ‘இப்படி இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்’ என்று காட்டினால் மத்திய அரசுக்குப் போதும். நீங்கள் ஒன்றும் அறியாத உரிமையாளர் என்பதை நிரூபிக்கும் சுமையோ உங்கள் தலையில்.

இத்தனை ஆர்வத்தோடு ஏன் எடுக்கிறார்கள் என்றால், 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பறிமுதலான பணம் நீதித் துறையின் தனி நிதிக்குப் போகவும், அதில் உள்ளூர்ப் போலீஸுக்குப் பங்கு கிடைக்கவும் அது வழி செய்தது. அந்தப் பங்கு 80 சதவீதம் வரை போகலாம். நியூ மெக்சிகோ 2015-இலும் மெயின் மாநிலம் 2021-இலும் சிவில் பறிமுதலையே ஒழித்தன. பல மாநிலங்கள் விதிகளை இறுக்கின. ஆனாலும் மாநிலப் போலீஸ் எடுத்த பணத்தை மத்திய அமைப்பு தன் வழக்காகத் தத்தெடுத்துக்கொண்டால், மாநிலச் சட்டத்தின் பாதுகாப்பு பல இடங்களில் பயனற்றுப் போகிறது. இந்தத் தத்தெடுப்பை 2015-இல் பெருமளவு நிறுத்தினார்கள். 2017-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். வரவு இருக்கும் இடத்தில் கட்டுப்பாடு நிற்காது என்பது என் கருத்து.

2014-இல் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ் எடுத்த கணக்கின்படி, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு இந்தப் பங்கீட்டுத் திட்டத்தின் கீழ், வாரண்டோ குற்றச்சாட்டோ இல்லாமல் நடந்த ரொக்கப் பறிமுதல்கள் 61,998. மொத்தத் தொகை 250 கோடி டாலருக்கு மேல். அவற்றில் பாதி 8,800 டாலருக்கும் குறைவானவை. எதிர்த்து நின்றவர்கள் ஆறில் ஒரு பங்கினர்தான். நின்றவர்களில் 41 சதவீதத்தினருக்கு, முழுதாகவோ பகுதியாகவோ, அரசு பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. இந்தக் கடைசி எண்ணை நினைவில் வையுங்கள். சாலையில் எடுக்கப்பட்ட பணம் நிரந்தரமாகப் போவது, பெரும்பாலும் பிறகு வரும் காகிதங்களைக் கையாளும் விதத்தால்தான்.

முதல் காகிதம் சாலையோரத்திலேயே நீட்டப்படலாம். டெக்சாஸின் டெனஹா என்ற சிற்றூரில், பணத்தின் மீதான உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடாவிட்டால் பணச்சலவை வழக்கு போடுவோம், பிள்ளைகளை அரசுக் காப்பகத்துக்கு அனுப்புவோம் என்று மிரட்டியதாகப் பயணிகள் வழக்குத் தொடர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். 2012-இல் அது சமரசத்தில் முடிந்தது. டெக்சாஸ் அதற்கு முந்தைய ஆண்டே இப்படிக் கையெழுத்துக் கேட்பதைத் தடை செய்துவிட்டது. தடை இல்லாத மாநிலத்திலும், “வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்திட மாட்டேன்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எவ்வளவு எடுத்தார்கள் என்று எழுதிய ரசீது கேளுங்கள். அதிகாரியின் பெயர், துறை, இடம், நேரம் எல்லாவற்றையும் அன்றே குறித்து வையுங்கள்.

அதற்கு முன் ஒன்று. காரைச் சோதிக்கலாமா என்று அதிகாரி நட்பாகக் கேட்டால், அதற்கு மறுப்புச் சொல்லலாம். “சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை, நான் போகலாமா?” என்று பணிவாகச் சொன்னால் போதும். போக்குவரத்து அபராதச் சீட்டு வேலை முடிந்த பிறகும், தக்க சந்தேகம் இல்லாமல் மோப்ப நாய்க்காகக் காரை நிறுத்தி வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லியிருக்கிறது. பணம் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். பொய் மட்டும் வேண்டாம். நெப்ராஸ்கா வழக்கில் அந்த ஒரு ‘இல்லை’ எவ்வளவு தூரம் போனது பாருங்கள். விசாவில் இருப்பவருக்கு அது இரட்டை ஆபத்து.

இரண்டாவது காகிதம் தபாலில் வரும். மத்திய அமைப்பு எடுத்திருந்தால் 60 நாட்களுக்குள்ளும், மாநிலப் போலீஸிடமிருந்து பெற்றிருந்தால் 90 நாட்களுக்குள்ளும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதில் இரண்டு வழிகள் இருக்கும்: ‘கிளெய்ம்’ (பணம் என்னுடையது என்ற உரிமைக் கோரல்), ‘பெட்டிஷன்’ (திருப்பித் தரும்படி கேட்கும் மனு). பெட்டிஷன் எளிதாகத் தெரியும், பலர் அதையே நிரப்பி அனுப்புகிறார்கள். அதை மட்டும் அனுப்பினால் பணத்தை எடுத்த அமைப்பே முடிவு செய்யும், நீதிபதி பார்க்க மாட்டார். பிடுங்கியவனிடமே தீர்ப்பும் கேட்பதுபோல என்று ஒரு முதியவர் என்னிடம் சொன்னார், சரிதான். கிளெய்ம் போட்டால், அரசுதான் 90 நாட்களுக்குள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கடிதத்தில் உள்ள கடைசி நாள், அது அனுப்பப்பட்டதிலிருந்து 35 நாள் அளவுக்கே இருக்கலாம். முகவரி மாறியவர்கள் கவனம். கடிதம் வரவில்லை என்றால் தேடிப் பிடியுங்கள்.

வழக்கறிஞர் செலவு எடுத்த தொகையைவிட அதிகமாகிவிடும் என்பது பெரிய சங்கடம். இந்த வழக்குகளில் உங்களுக்கு அரசுச் செலவில் வக்கீல் கிடைப்பது, வசிக்கும் வீடே பறிபோகும் நிலை போன்ற அரிய சூழலில்தான். வென்றால் செலவை அரசு தர வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் தீர்ப்புக்கு முன்பே அரசு தானாகப் பணத்தைத் திருப்பிவிட்டால், ‘நீங்கள் வெல்லவில்லை’ என்று செலவை மறுத்த நீதிமன்றங்கள் உண்டு. கட்டணம் வாங்காமல் சில வழக்குகளை எடுக்கும் ‘இன்ஸ்டிடியூட் ஃபார் ஜஸ்டிஸ்’ போன்ற அமைப்புகளுக்கும் எழுதிப் பாருங்கள்.

ரொக்கமாக எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றமில்லை. உள்நாட்டுப் பயணத்தில் உச்சவரம்பும் இல்லை. அமெரிக்க எல்லையைக் கடக்கும்போது 10,000 டாலருக்கு மேல் இருந்தால் அறிவித்தாக வேண்டும். ஆனாலும் கல்யாண மொய்ப் பணத்தையோ, பழைய லாரி வாங்கத் திரட்டிய தொகையையோ காரில் வைத்து மாநிலம் கடப்பவர்கள், வங்கியில் எடுத்த சீட்டு, மொய் நோட்டு, விற்பவரோடு பேசிய குறுஞ்செய்தி எதையாவது கூடவே வைத்திருங்கள். முடிந்தால் காசோலையாக மாற்றிவிடுங்கள். வங்கியில் போடுவதென்றால் மொத்தமாகப் போடுங்கள். 10,000 டாலருக்கு மேல் போனால் வங்கி அரசுக்குத் தெரிவிக்கும், அதனால் உங்களுக்குக் கெடுதல் இல்லை. அந்த அறிக்கையைத் தவிர்க்க நினைத்து 9,000, 9,000 என்று பிரித்துப் போடுவது, நேர்மையான பணமாக இருந்தாலும், தனிக் குற்றம்.