ஹார்மோன் சிகிச்சை: கொடுப்பதா, தடுப்பதா?

குடியாத்தத்தில் இருக்கும் என் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷனும் ரேடியேஷனும் முடிந்தபின், "இனி 5 வருஷம் ஹார்மோன் தெரபி" என்று லெட்ரசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வேலூரிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது கேட்டார்: "ஹார்மோனாலதான் கட்டி வளந்துதுன்னாங்க. இப்ப இன்னாத்துக்குடி அதையே மாத்திரையா குடுக்கறாங்க?"

நியாயமான கேள்வி. இன்சுலின் சிகிச்சை என்றால் இன்சுலின் கொடுப்பது. அப்படியானால் ஹார்மோன் சிகிச்சை என்றால் ஹார்மோன் கொடுப்பது என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

'ஹார்மோன்' என்ற சொல்லை 1905-ல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற உடலியல் அறிஞர் அறிமுகப்படுத்தினார். தூண்டு, இயக்கு என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து பிறந்த சொல் அது. தமிழில் 'இயக்குநீர்' என்கிறோம். கிரேக்க வேரின் பொருள் அதில் அப்படியே இருக்கிறது. இலங்கைப் பாடநூல்கள் 'ஓமோன்' என்று ஒலிபெயர்க்கின்றன. சிலர் 'ஊக்கி' என்றும் எழுதுகிறார்கள்; அது வினையூக்கியோடு குழம்பும் என்பதால் எனக்கு உடன்பாடில்லை.

சொல் பிறப்பதற்கு முன்பே மருத்துவம் வந்துவிட்டது. ஸ்காட்லாந்தின் அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்று உள்ள பெண்ணுக்குச் சினைப்பைகளை அகற்றியதும் கட்டி சுருங்கியதை 1896-ல் எழுதினார். தொடக்கம் முதலே இது இயக்குநீரை இல்லாமல் செய்யும் வைத்தியம்தான். இன்று டமாக்ஸிஃபென் என்ற மாத்திரை, புற்றணுவின் பூட்டுக்குள் பொருந்தாச் சாவிபோல் உட்கார்ந்து, சினைப்பைகளில் சுரக்கும் பெண் இயக்குநீரான ஈஸ்ட்ரோஜனை நுழையவிடாமல் செய்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்குத் தரும் லெட்ரசோல், அனஸ்ட்ரசோல் போன்றவை ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே தடுக்கின்றன. ஆகவே 'இயக்குநீர்த் தடுப்பு மருத்துவம்' என்பதே சரியான பெயர். சற்று நீளம்தான், ஆனால் குழப்பாது.

வீடு வந்து இதைச் சொன்னதும் அத்தை, "அதான் இப்படிக் காந்துதா!" என்றார்.

ஈஸ்ட்ரோஜன் தடைபடும்போது திடீரென உடம்பில் ஏறும் சூட்டை ஆங்கிலத்தில் 'ஹாட் ஃப்ளஷ்' என்பார்கள். அதற்கு நாம் தேடவேண்டிய தமிழ்ச்சொல் அங்கேயே இருந்தது. காந்து என்றால் எரி, சுடு. அடிப்பிடித்த சோற்றையும் காந்தல் என்போம். வடாற்காட்டுப் பெண்கள் "உடம்பு காந்துது", "குப்புனு அனல் அடிக்குது" என்று சொல்வதை மருத்துவரிடமும் அப்படியே சொல்லலாம். இந்த ஊரில் ஒரு சிக்கல், எல்லாப் பழியும் கத்திரி வெயில்மேல் போய்விடும். வெயிலின் சூடு நிழலில் தணியும். இந்தக் காந்தலோ நள்ளிரவில் ஃபேனுக்கு அடியிலும் நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஏறி, வேர்த்துக் கொட்டி, பிறகு குளிரவும் செய்யும். பருத்தித் துணி, தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர், எதைச் சாப்பிட்டால் கூடுகிறது என்ற கவனம், இவை உதவும். தாங்கமுடியாவிட்டால் மருந்தும் உண்டு; சில மனச்சோர்வு மருந்துகளையும் இதற்குத் தருவார்கள். ஆனால் பராக்ஸெடின், ஃப்ளூக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் டமாக்ஸிஃபெனின் பலனைக் குறைக்கக்கூடும். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். காந்தல் வரவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருளல்ல.

லெட்ரசோல் வகையில் மூட்டுவலியும் எலும்புத் தேய்மானமும் வரலாம். காலையில் அத்தைக்கு விரல் மடங்காது. களி கிண்ட முடியவில்லை என்று அழுதிருக்கிறார். தினமும் நடந்தால் வலி குறைகிறது. எலும்பு அடர்த்திப் பரிசோதனை, மருத்துவர் சொல்லும் கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை விடக்கூடாது. கேழ்வரகில் கால்சியம் நிறைய இருந்தாலும் மாத்திரைக்கு அது ஈடாகாது.

வெளியே சொல்லக் கூசும் ஒன்று, பிறப்புறுப்பு உலர்வு. "அங்க காஞ்சு எரியுது" என்று நர்ஸிடம் சொன்னாலே போதும். தண்ணீர் கலப்புள்ள வழுக்குக் களிம்புகள் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

டமாக்ஸிஃபென் எடுப்பவர்கள் மாதவிடாய் நின்றபின் உதிரம் பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது, அன்றே போகவேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்று மருந்து இருக்கிறது, கேட்டால் தருவார்கள்.