பைக் செயின் ஏன் நீளமாகிறது?

தினமும் வேலைக்கு ஓட்டும் பைக்கைப் பல வருடம் வைத்திருப்பவர்கள் மெக்கானிக் இப்படிச் சொல்லி ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள்: "செயின் நீண்டுடுச்சு, மாத்திடலாம்." எஃகு எப்படி நீளும்? தகடுகள் கிட்டத்தட்ட பழைய அளவில்தான் இருக்கின்றன. மாற்றம் நடப்பது மூட்டுகளுக்குள்ளே.

ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின் (ஆணி போன்ற சிறு அச்சு), அதைச் சுற்றி ஒரு குழல் (புஷ்), அதன் மேல் சுழலும் ரோலர். பொறியாளர் ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றைய செயினும் அடிப்படையில் அதுவேதான். ஸ்பிராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பல்லில் படுவது ரோலர். செயின் மடங்கும்போது உரசுவது பின்னும் புஷ்ஷும்.

எத்தனை முறை மடங்குகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். டயரின் சுற்றளவு 2 மீட்டர், வேகம் 60 கிலோமீட்டர் என்றால் பின் சக்கரம் நிமிடத்துக்கு 500 முறை சுற்றும். பின் சக்கர ஸ்பிராக்கெட்டில் 45 பல், செயினில் 110 கண்ணி என்று வைத்துக்கொண்டால், செயின் நிமிடத்துக்குச் சுமார் 200 முறை முழுச் சுற்று வருகிறது. ஒரு சுற்றில் ஒவ்வொரு மூட்டும் நான்கு முறை அசைகிறது: இரண்டு ஸ்பிராக்கெட்டிலும் ஏறும்போது மடங்கி, இறங்கும்போது நிமிர்கிறது. அப்படியானால் நிமிடத்துக்கு 800 உரசல்! அதிலும் 15 பல் உள்ள முன் ஸ்பிராக்கெட்டில் 24 டிகிரி மடங்க வேண்டும். பின்னால் வெறும் 8 டிகிரி. தேய்மானத்தில் பெரும்பங்கு அந்தச் சின்னச் சக்கரத்தில்தான்.

ஒரு மூட்டில் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. 110 மூட்டிலும் அதே அளவு தேய்ந்தால் செயின் 11 மில்லிமீட்டர் கூடிவிடும். ஸ்பிராக்கெட்டின் பல் இடைவெளி மட்டும் மாறாது. அதனால் ரோலர்கள் பல்லின் மேல்பக்கம் ஏறுகின்றன, சுமை சில பற்கள் மேலேயே விழுகிறது, பல் கொக்கி போல வளைந்து தேய்கிறது. அந்தப் பல்லில் புதுச் செயினை மாட்டினால் அதுவும் சீக்கிரம் போய்விடும். செயின், இரண்டு ஸ்பிராக்கெட் என மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்வது இதனால்தான்.

ஓ-ரிங் செயினில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே தொழிற்சாலையிலேயே கிரீஸ் வைத்து, ரப்பர் வளையத்தால் அடைத்துவிடுகிறார்கள். நாம் அடிக்கும் ஸ்பிரே அந்த இடத்துக்குப் போகாது. ரோலருக்கும், துரு பிடிக்காமலிருக்கவும்தான் அது. வளையம் கெட்டால் உள்ளிருக்கும் கிரீஸ் போய்விடும், திரும்ப வைக்க வழியில்லை. அதனால் செயினைச் சுத்தம் செய்யப் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம், தயவுசெய்து.

இன்னொன்று, எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு: செயினை விறைப்பாக இறுக்குவது. ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) அசையும் மையமும் முன் ஸ்பிராக்கெட்டின் மையமும் ஒரே இடத்தில் இல்லை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இரண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் இடையே தூரம் மாறுகிறது. அந்த மையங்களும் பின் சக்கரத்தின் அச்சும் ஒரே கோட்டில் வரும் கணத்தில் தூரம் மிக அதிகம். அப்போது தளர்வு இல்லையென்றால் இழுவை முழுவதும் கியர்பாக்ஸ் பேரிங் மேல் விழும். எவ்வளவு தளர்வு என்பது வண்டிக்கு வண்டி வேறு, கையேட்டில் போட்டிருக்கும்.

சரி, மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? இன்ஜினை நிறுத்திவிட்டு, பின் ஸ்பிராக்கெட்டின் கடைசி முனையில் செயினைப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது.