மஞ்சள் கோடு போட்ட ஜீன் ரிப்போர்ட்

ஃபைலைத் திறந்ததும் அந்த மஞ்சள் கோடுதான் கண்ணில் பட்டது. எச்சிலைச் சோதனைக்குக் கொடுத்து வாங்கிய ஜீன் ரிப்போர்ட் அது. மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வரியை மட்டும், என்னிடம் சிகிச்சை பெறும் ஓர் இளம்பெண் மார்க்கரால் அழுத்தித் தீட்டியிருந்தார்: செரோடோனின் கடத்தி மரபணு, இரண்டு பிரதியும் குட்டை வகை.

"பிறப்பிலேயே இப்படின்னு வந்திருக்கு டாக்டர். அப்புறம் மாத்திரை என்ன செய்யும்?" என்றார் அந்த இளம்பெண். மூன்று வாரமாக மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தியிருந்தார். சட்டென்று நிறுத்தியதால் தலைசுற்றல், தலைக்குள் சுரீரென்று மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு. அதையும் ஜீன் கணக்கிலேயே எழுதிவிட்டார். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மனநல மருத்துவராக இந்தப் பேச்சை இப்போது அடிக்கடி பேச வேண்டியிருக்கிறது. அந்த மஞ்சள் கோட்டை நம்பி யாரும் தன்னைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்ல, நடுவில் உள்ள மிகச் சிறிய இடைவெளியில் செரோடோனின் என்ற வேதிப்பொருளை விடுகிறது. சொல்லி முடித்ததும் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு புரதம் இருக்கிறது. அதுதான் கடத்தி. அதை உருவாக்கும் மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது, பெயர் எஸ்.எல்.சி.6ஏ4. அதன் முன்பகுதி சிலருக்கு நீளமாகவும் சிலருக்குக் குட்டையாகவும் இருக்கும். குட்டையாக இருந்தால் கடத்தி குறைவாக உற்பத்தியாகும். இது நோயே அல்ல, கோடிக்கணக்கான பேரிடம் இருப்பது.

1996இல் 505 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு, குட்டை வகை உள்ளவர்கள் சற்று எளிதில் பதறும் சுபாவம் கொண்டவர்கள் என்றது. 'சற்று' என்பதைக் கவனிக்க வேண்டும். மனிதருக்கு மனிதர் அந்தச் சுபாவம் வேறுபடுவதில் இந்த மரபணுவின் பங்கு 3 முதல் 4 சதவீதம் என்றுதான் அந்த ஆய்வே சொன்னது. பிறகு 2003இல், நியூசிலாந்தின் டனீடின் நகரில் குழந்தைப் பருவத்திலிருந்து பின்தொடரப்பட்ட 847 பேரின் ஆய்வு வந்தது. வாழ்க்கையில் அடி விழும்போது குட்டை வகைக்காரர்கள் மனச்சோர்வில் விழும் வாய்ப்பு அதிகம் என்றது. நாங்கள் எல்லோருமே அதை நம்பினோம்.

ஆனால் அது நிலைக்கவில்லை. 2009இல் 14 ஆய்வுகளைச் சேர்த்து, 14,250 பேரின் தகவல்களை அலசினார்கள். இழப்பும் நெருக்கடியும் மனச்சோர்வைக் கூட்டியது உண்மை. மரபணு வகை அதில் எதையும் மாற்றவில்லை. 2019இல் இன்னும் பெரிய ஆய்வு, சில கணக்குகளில் நான்கு லட்சம் பேருக்கும் மேல். பல ஆண்டுகளாகப் பேசப்பட்டுவந்த 18 'மனச்சோர்வு மரபணு'க்களைச் சோதித்தார்கள், இதுவும் அதில் ஒன்று. மற்ற சாதாரண மரபணுக்களைவிட அவை அதிகமாக எதையும் சொல்லவில்லை.

இதில் இன்னொரு முரண்பாட்டையும் அவருக்குப் படம் வரைந்து காட்டினேன். அவர் சாப்பிட்டுவந்த மாத்திரை எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை. அது செய்யும் வேலையே கடத்தியை அடைத்து, செரோடோனினை இடைவெளியிலேயே கூடுதல் நேரம் நிறுத்துவதுதான். குட்டை வகையிலும் கடத்தி குறைவுதானே? 'செரோடோனின் குறைந்தால் சோகம்' என்பது அவ்வளவு நேரான கணக்காக இருந்தால், குட்டை வகை ஒரு பாதுகாப்பாக அல்லவா இருக்க வேண்டும்? அவர் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலத்தில் நானும் "மூளையில் செரோடோனின் குறைஞ்சிருக்கு" என்றே நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறேன். குற்றவுணர்வைக் குறைக்க அது உதவியது. ஆனால் அது சரியான விளக்கம் அல்ல, இப்போது சொல்வதில்லை. மாத்திரை கடத்தியை அடைப்பது சில மணி நேரத்தில் நடந்துவிடும். மனம் தெளிய வாரங்கள் ஆகின்றன. நடுவில் மூளை தன்னை மெல்ல மெல்ல மாற்றிக்கொள்கிறது. பலருக்கு மருந்து பலன் தருகிறது, அதற்குக் குறைபாட்டுக் கதை தேவையில்லை.

அப்படியானால் பரம்பரைக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. இரட்டையர் ஆய்வுகள் மனச்சோர்வில் மரபின் பங்கைச் சுமார் 37 சதவீதம் என்கின்றன. அளவற்ற உற்சாகமும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் பைபோலார் நோயில் அது இன்னும் அதிகம். இது ஒரு மக்கள் கூட்டத்தில் காணும் வேறுபாடுகளின் கணக்கு. உங்களுக்கு நோய் வர 37 சதவீத வாய்ப்பு என்று அர்த்தமில்லை. 2025இல் வெளியான, ஐம்பது லட்சம் பேரைத் தொட்ட ஆய்வு, மனச்சோர்வோடு தொடர்புடைய 697 மரபணு மாறுபாடுகளைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் துளியளவு.

அதனால் ரிப்போர்ட்டைவிட எனக்கு அதிகம் உதவுவது குடும்பத்தின் கதை. நெருங்கிய உறவில் யாருக்காவது தூக்கமே தேவைப்படாத உற்சாகம், கட்டுக்கடங்காத செலவு, வேகமான பேச்சு என்று சில நாட்கள் இருந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது பைபோலாராக இருந்தால், மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தருவது ஆபத்தாகலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காதீர்கள், அன்றே யாரிடமாவது சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, அந்த ரிப்போர்ட்டில் பயனுள்ள எதுவுமே இல்லையா என்றால், இருந்தது. கோடு போடாத ஐந்தாம் பக்கத்தில். சி.ஒய்.பி.2சி19 என்ற நொதி அவருக்கு மந்தமாக வேலை செய்தது. அவர் சாப்பிட்டுவந்த எஸ்சிட்டலோபிராம் மாத்திரையைக் கல்லீரலில் சிதைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வழக்கமான அளவே அவர் இரத்தத்தில் கூடுதலாகத் தேங்கியிருக்க வேண்டும். குமட்டல், கை நடுக்கம் என்று முன்பே இரண்டு முறை சொல்லியிருந்தார். போகப்போகச் சரியாகிவிடும் என்று நான்தான் சொன்னேன். அளவைப் பாதியாக்கி மறுபடி தொடங்கினோம்.

கிளம்பும்போதுதான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று. "அம்மா எப்பவுமே அப்படித்தான் டாக்டர். விடியக்காலை மூணு மணிக்கே எழுந்து இருட்டிலே உட்கார்ந்திருப்பாங்க. அது அவங்க சுபாவம்னு விட்டுட்டோம்."

ஆறு வாரம் கழித்து இருவரும் சேர்ந்து வந்தார்கள். அம்மாவின் கையில் ரிப்போர்ட் எதுவும் இல்லை. "எனக்கு ஒண்ணும் இல்லைங்க, இவதான் கூட்டிட்டு வந்தா" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.