கர்வ் பண்ணுவதற்கு முன் ஒரு பிரதி வையுங்கள்

போன மாதம் மளிகைக்கடைக்காரர் ஒருவர் பென் டிரைவோடு வந்தார். "பலகையில போன் நம்பர் மட்டும் மாத்திக் கொடுங்கண்ணே" என்றார். முன்பு வேறொருவர் செய்து கொடுத்த டிசைன். இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் திறந்தால் எல்லாமே கர்வ், அதாவது வெறும் கோட்டு வடிவங்கள். எழுத்து ஒன்றுகூட எழுத்தாக இல்லை. பழைய எண் எந்த ஃபான்ட் என்று தேடியதிலேயே அரைநாள் போயிற்று.

அச்சகத்துக்கு அனுப்பும்போது கர்வ் பண்ணித்தான் ஆகவேண்டும். நம் ஃபான்ட் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. இன்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் முடிந்தது. அதற்கு முன், எழுத்து எழுத்தாகவே இருக்கும் பிரதி ஒன்றை வேறு பெயரில் சேமியுங்கள். வாடிக்கையாளருக்கும் அதைக் கொடுத்துவிடுங்கள். காசு கொடுத்தவர் அவர்.

இன்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி ஃபைலை ஒருமுறை நோட்பேடில் திறந்து பாருங்கள். நீங்கள் தட்டிய கடைப்பெயர் யூனிகோடு தமிழில் அப்படியே நிற்கும். போன் நம்பரை அங்கேயே மாற்றிச் சேமித்தால் படத்திலும் மாறிவிடும். பாமினி மாதிரி பழைய ஃபான்டில் அடித்திருந்தால் அந்த இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் இருக்கும். அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் பலகையும் அப்படித்தான் தெரியும். நோட்டோ, கட்டமரான், முக்தா மலர் எல்லாம் இலவச யூனிகோடு ஃபான்ட்கள்; தாராளமாகப் பயன்படுத்தலாம்.

எஸ்விஜி 2001இல் பொதுத் தரமானது. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து நான்கு பேர் 2003இல் பிரிந்து வந்து தொடங்கியதுதான் இன்க்ஸ்கேப். 1.0 பதிப்பு வர 2020 ஆகிவிட்டது. ஆனால் இன்றைக்கும் பழைய ஃபைல் திறக்கிறது, யாரும் உரிமக் காசு கேட்பதில்லை.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். 2017இல் வந்த 0.92 பதிப்பில் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்றிருந்த கணக்கு 96 ஆனது. அதற்கு முந்தைய ஃபைலைத் திறக்கும்போது வரும் கேள்வியைப் படிக்காமல் தட்டிவிட்டால் 10 செ.மீ. ஸ்டிக்கர் 9.375 செ.மீ. ஆகிவிடலாம். இன்னொன்று கறுப்பு. இன்க்ஸ்கேப் ஆர்ஜிபியில், அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவையில் வேலை செய்வதால், ஆஃப்செட் அச்சில் கறுப்பு எழுத்து நான்கு மையும் கலந்து விழக்கூடும். பிளேட் கொஞ்சம் நகர்ந்தாலும் சின்ன எழுத்து மங்கிப்போகும். ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கொண்டுபோய் வெறும் கறுப்பு மையாக மாற்றிவிட்டு அனுப்புங்கள்.

அப்புறம், தமிழ் எழுத்து எங்காவது உடைந்து தெரிந்தால் சலித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். மென்பொருள் உருவாக்குபவர்கள் வேலை செய்யும் ஜிட்லேப் தளத்தில், இன்க்ஸ்கேப்பின் பக்கத்தில் அந்தக் குறையைப் பதியலாம். அதைப் பார்க்கும் டெவலப்பருக்குத் தமிழ் தெரியாது. 'கொ' எப்படி இருக்கவேண்டும் என்று நாம்தான் காட்டவேண்டும். உடைந்த ஒரே ஒரு சொல் மட்டும் உள்ள ஃபைல், ஃபான்டின் பெயர், பதிப்பு எண், சரியாகத் தெரியும் ஒரு படம், இவ்வளவு போதும். நிரல் எழுதத் தெரியாத நமக்கும் இந்த மென்பொருளின் வளர்ச்சியில் இப்படி ஒரு பங்கு உண்டு. தமிழாக்கத்துக்கும் தொழிலில் இருப்பவர்கள் வரவேண்டும். கோட்டை வளைக்கப் பிடித்திழுக்கும் புள்ளியை நாம் நாள் முழுக்க நோடு என்றுதான் சொல்கிறோம். மெனுவில் கணு என்று வந்தால் எத்தனை பேருக்குப் புரியும்?

மளிகைக்கடைக்காரரின் பென் டிரைவில் இப்போது இரண்டு ஃபைல் இருக்கின்றன. ஒன்றுக்கு 'பிரஸ்ஸுக்கு' என்று பெயர் வைத்தேன், இன்னொன்றுக்கு 'நம்பர் மாற்ற'.