குழந்தைக்கு எடுத்த ஸ்கேனும் கணக்கில் வராத கதிர்வீச்சும்

கட்டிலிலிருந்து விழுந்த குழந்தைக்குத் தலையில் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்களே, பின்னாளில் புற்றுநோய் வந்துவிடாதா என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஒருங்கிணைத்த 'எபி-சிடி' ஆய்வு, இதே கேள்விக்காக ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 22 வயதுக்குள் ஸ்கேன் எடுத்துக்கொண்ட ஏறத்தாழ 9.5 லட்சம் பேரைப் பின்தொடர்ந்தது. ஒரு நாடு போதாது. 2012இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் ஏறத்தாழ 1.8 லட்சம் பேரில் 74 பேருக்கே ரத்தப் புற்றுநோய் வந்திருந்தது.

ஸ்கேன் பட்டியலையும் புற்றுநோய்ப் பதிவேட்டையும் பொருத்துவது முதல் வேலை. குடிமகன் ஒவ்வொருவருக்கும் ஒரே அடையாள எண் உள்ள ஸ்வீடன், டென்மார்க் போன்ற நாடுகளில் இது எளிது. அப்படிப்பட்ட எண் இல்லாத இடங்களில் பெயரையும் பிறந்த தேதியையும் நம்ப வேண்டும், ஆனால் தனியுரிமைச் சட்டத்தால் அந்தப் பெயர்கள் எல்லை தாண்டக் கூடாது.

என்னை மிகவும் கவர்ந்தது அடுத்த கட்டம்: ஒவ்வொரு குழந்தையின் உடலும் எவ்வளவு கதிர்வீச்சை ஏற்றது என்று கண்டுபிடிப்பது. பழைய ஏடுகளில் பெரும்பாலும் தேதியும் 'தலை' என்ற சொல்லும்தான் இருக்கும். எக்ஸ்ரே குழாய்க்கு எவ்வளவு மின்னழுத்தம், எவ்வளவு மின்னோட்டம் என்பது இருக்காது. பிற்காலப் படங்களோடு சேமிக்கப்பட்ட அமைப்புகளை மென்பொருள் படித்துவிடும். முற்காலத்துக்கு மருத்துவமனைகளுக்கே வினாத்தாள் அனுப்பிக் கேட்டார்கள். பிறகு, வயதுக்கேற்பக் கணினியில் உருவாக்கிய மாதிரி உடல்களுக்குள் எக்ஸ்ரே துகள்களை ஒவ்வொன்றாக அனுப்பி, எது எங்கே சிதறும், எங்கே ஆற்றலை இறக்கும் என்பதைத் தாயம் உருட்டுவதுபோல் தீர்மானிக்கும் மான்டி கார்லோ முறையில் கணக்கிட்டார்கள். பச்சிளங்குழந்தையின் ரத்தம் உருவாக்கும் மஜ்ஜையில் கால் பங்குக்கு மேல் மண்டையோட்டிலேயே இருக்கிறது. பெரியவர்களிடம் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனவே, ஒரே தலை ஸ்கேன் இருவருக்கும் ஒன்றல்ல.

ஒரு மருத்துவமனையின் அமைப்பைத் தவறாக ஊகித்தால், அங்கு வந்த அத்தனை குழந்தைகளின் கதிர்வீச்சு அளவும் ஒரே திசையில் பிசகும். சராசரி எடுத்தாலும் அந்தப் பிழை கழியாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரே எண்ணைத் தராமல், சாத்தியமான 200 அளவுகளைத் தந்தார்கள். 2011இல் தொடங்கிய இப்பணியின் ரத்தப் புற்றுநோய் முடிவு 2023இல்தான் வந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் பலன் கேட்கும் நிதிக்குழுக்கள் இத்தகைய பொறுமைக்குப் பணம் தருமா என்பது என் ஐயம்.

நோயின் தொடக்க அறிகுறிக்காகவே ஸ்கேன் எடுத்திருக்கலாம் என்பதால், நோய் தெரிவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் ஸ்கேன்களை விலக்கியே கணக்கிட்டார்கள். இன்றைய கதிர்வீச்சு அளவில் ஸ்கேன் எடுக்கப்படும் 10,000 குழந்தைகளில், அடுத்த 12 ஆண்டுகளில் கதிர்வீச்சால் ஒருவருக்கோ இருவருக்கோ ரத்தப் புற்றுநோய் வரக்கூடும் என்பது அவர்கள் கண்ட விடை.