கர்ப்ப காலத்தில் யோகா: உடல் வழக்கத்தைவிட நன்றாக வளைகிறதா?

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பியிருந்த வாரத்தில், திருநகரைச் சேர்ந்த ஆறு மாதக் கர்ப்பிணி ஒருவர் என்னிடம் வந்தார். பள்ளி ஆசிரியை, திருமணத்துக்கு முன்பிருந்தே யோகா செய்பவர். பேருந்தின் படி ஏறும்போதும், இரவில் புரண்டு படுக்கும்போதும், ஒற்றைக் காலில் நின்று உடை மாற்றும்போதும் அடிவயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்புகள் முன்புறம் சேரும் இடத்தில் கத்தியால் கீறுவதுபோல் வலிப்பதாகச் சொன்னார். என்னென்ன ஆசனங்கள் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "பட்டாம்பூச்சி ஆசனத்துல முன்னாடி முழங்கால் பாதிதான் இறங்கும் மேடம், இப்ப ரெண்டும் தரையையே தொடுது" என்றார், சற்றுப் பெருமையுடன். உள்ளங்கால்களை ஒன்றோடொன்று சேர்த்து, முழங்கால்களை இருபுறமும் விரித்து உட்காரும் ஆசனம் அது.

இயன்முறை மருத்துவராக நான் அடிக்கடி விளக்க வேண்டியிருப்பது இதைத்தான். கர்ப்ப காலத்தில் ரிலாக்சின் உள்ளிட்ட ஹார்மோன்கள், பிரசவத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் பொருட்டு, மூட்டுகளைக் கட்டிப் பிடித்திருக்கும் தசைநார்களைத் தளர்த்துகின்றன. இந்தத் தளர்ச்சி இடுப்போடு நிற்பதில்லை. முழங்கால், கணுக்கால், முதுகெலும்பு எல்லாவற்றிலும் ஓரளவு இருக்கும். ஆகவே உடல் திடீரென நன்றாக வளைவது பயிற்சியின் பலனாக மட்டுமே இருக்க வேண்டியதில்லை. தடுத்து நிறுத்த வேண்டிய கட்டு நெகிழ்ந்துபோனதாலும் இருக்கலாம். அந்த நெகிழ்ச்சியின் கடைசி எல்லை வரை மூட்டை இழுத்தால் இடுப்பெலும்பு வளையத்தில் வலி தோன்றலாம், முன்பே இருந்தால் கூடலாம். ஏறத்தாழ ஐந்தில் ஒரு கர்ப்பிணிக்கு இந்த வலி வருகிறது. யோகா செய்யாதவர்களுக்கும் வரும்.

பட்டாம்பூச்சி எனப்படும் பத்த கோணாசனம் கெட்ட ஆசனம் அன்று. வலி இல்லாதவர்கள் தொடைகளுக்கு அடியில் தலையணை வைத்து, வசதியான அளவுக்கு மட்டும் கால்களை விரித்து அமரலாம். ஆனால் "இடுப்பு விரிஞ்சாத்தானே சுகப்பிரசவம் ஆகும்" என்று வீட்டுப் பெரியவர்கள் முழங்காலைப் பிடித்து அழுத்துவது பல குடும்பங்களில் நடக்கிறது. அது வேண்டவே வேண்டாம். முன்னிடுப்பில் வலி தொடங்கிவிட்டால் திரிகோணாசனம், வீரபத்ராசனம் போலக் கால்களை அகட்டி நிற்பவற்றையும் ஒற்றைக் காலில் நிற்பவற்றையும் நிறுத்திவிட வேண்டும். படுக்கையில் திரும்பும்போது இரு முழங்கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு திரும்புவதும், உட்கார்ந்து உடை மாற்றுவதும் வலியைக் கணிசமாகக் குறைக்கும்.

அடுத்தது, மல்லாந்து படுப்பது. ஏறத்தாழ 20 வாரங்களுக்குப் பிறகு, கனத்த கருப்பை உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய சிரையை அழுத்தும். தலை சுற்றும், வியர்க்கும், குழந்தைக்குச் செல்லும் இரத்தமும் குறையலாம். சவாசனத்தை இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்துச் செய்தால் போதும். குப்புறப் படுத்துச் செய்யும் தனுராசனம், சலபாசனம், வயிற்றை அழுத்தும் முறுக்குகள், சிரசாசனம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளும், மூச்சை உள்ளே அடக்கும் கும்பகமும் கூடாது. கும்பகம் இல்லாத நாடிசுத்தி, பிராமரி ஆகிய மென்மையான மூச்சுப் பயிற்சிகளே போதுமானவை.

மதுரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில், காற்றோட்டமில்லாத மாடி அறையில் தகரக் கூரைக்குக் கீழே வகுப்பு நடத்துவதைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணியின் உடல் அளவுக்கு மீறிச் சூடாவது நல்லதன்று. விடிகாலையில், தண்ணீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேச்சு தடைபடாத அளவுக்கு மட்டும் பயிற்சி செய்யுங்கள்.

நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பவர்கள், கருப்பை வாயில் தையல் போட்டவர்கள், கர்ப்பகால இரத்த அழுத்த நோய் உள்ளவர்கள், கடுமையான இரத்தசோகை உள்ளவர்கள் மகப்பேறு மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது. ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருக்க, மூச்சு வாங்குவதை "பழக்கமில்லாததால்" என்று எண்ணிக்கொண்டு வகுப்புக்குப் போனவர்களும் உண்டு. பயிற்சியின்போது இரத்தக்கசிவு, நீர்க்கசிவு, நெஞ்சுவலி, விடாத தலைவலி, கெண்டைக்காலில் வலியுடன் வீக்கம், விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம் இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலும் மறுநாள் வரை பொறுத்திருக்க வேண்டாம்.

அந்த ஆசிரியைக்கு இடுப்புப் பட்டையும், கால்களைச் சேர்த்து வைத்துச் செய்யும் சில பயிற்சிகளும், சுவரைப் பிடித்து நிற்கும் தாடாசனமும் கொடுத்தேன். வளைகாப்புக்குள் வலி பாதியாகக் குறைந்தது. பிரசவமாகி மூன்றாம் மாதத்தில் குழந்தையுடன் வந்து, பழைய ஆசனங்களைத் தொடங்கலாமா என்று கேட்டார். தசைநார்கள் இறுகப் பிரசவத்துக்குப் பின்னும் சில மாதங்கள் ஆகும் என்பதால், அன்றும் தொடைகளுக்கு அடியில் இரண்டு தலையணைகளை வைத்தே அவரை உட்கார வைத்தேன்.