பார்கோடு: பட்டைக்குறியா, கண்ணெழுத்தா?

'பார்கோடு' என்று சொல்லிப் பாருங்கள். கோட்டைப் பார் என்று தமிழே பேசுவதுபோல் இருக்கும். தற்செயல்தான். ஆங்கிலத்தில் 'பார்' என்பது கம்பி, பட்டை. 'கோட்' இலத்தீன் வழி வந்த சொல். அதன் வேர்ச்சொல்லுக்கு முதலில் அடிமரம் என்று பொருள். மரப்பலகையில் மெழுகு பூசி எழுதியதால் அது பலகைக்குப் பெயராகி, அப்புறம் ஏட்டுக்கும் சட்டத் தொகுப்புக்கும் ஆகி, கடைசியில் குறியீட்டுக்கு வந்து சேர்ந்தது. அடிமரத்தில் பிறந்த அந்தச் சொல்லுக்குத் தமிழில் 'பட்டைக்குறி' வாய்த்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். மரத்துக்கும் பட்டை, திருநீற்றுக்கும் பட்டை, சோப்பு உறையில் நிற்கும் கறுப்புக் கோடுகளுக்கும் பட்டை.

கோடுகள் பிறந்த இடம் அமெரிக்கா. மியாமி கடற்கரை மணலில், தந்திக்கு உதவிய மோர்ஸ் குறியீட்டின் புள்ளியையும் கோட்டையும் விரலால் கீழ்நோக்கி இழுத்துப் பார்த்தார் ஜோசப் உட்லாண்ட். பெர்னார்ட் சில்வரோடு சேர்ந்து 1949இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தின் டிராய் ஊரில், ஒரு சூயிங்கம் பொட்டலம்தான் கடையில் முதன்முதலாக ஸ்கேன் ஆனது.

வீட்டில் சோப்பு, ஊறுகாய், பொம்மை செய்து விற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "பார்கோடு இலவசமாகக் கிடைக்குமா?" இங்கேதான் ஒரே சொல் இரண்டு பொருளை மூடி வைக்கிறது. கோடு வேறு, எண் வேறு. கோடுகளை இலவச மென்பொருளில் யார் வேண்டுமானாலும் வரையலாம். காசு கேட்பது கோட்டுக்கு அடியில் இருக்கும் எண்தான். உலகில் வேறு எந்தப் பொருளுக்கும் அதே எண் இருக்கக்கூடாது என்பதால், அதை ஜிஎஸ்1 என்ற பன்னாட்டு அமைப்பின் கிளைகள் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒதுக்குகின்றன. இந்தியக் கிளை தரும் எண்கள் 890 என்று தொடங்கும், இலங்கைக் கிளையின் எண்கள் 479 என்று தொடங்கும். 890 இருந்தால் இந்தியாவில் செய்த பொருள் என்று அர்த்தமில்லை. எண் இங்கே வாங்கியது, அவ்வளவுதான்.

இந்த எண்ணின் 13 இலக்கங்களில் கடைசியானது, எண் சரியா என்று சரிபார்க்கும் இலக்கம். 890123456789 என்று 12 இலக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து 1, 3, 5 என ஒற்றைப்படை இடங்களில் இருப்பவற்றைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் இருப்பவை 34. மூன்றால் பெருக்கினால் 102. மொத்தம் 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுவே 13ஆவது இலக்கம். இங்கே குறையே இல்லை, எனவே 0. ஒரு இலக்கம் தப்பாக விழுந்தாலும் ஸ்கேனர் கண்டுபிடித்துவிடும்.

சரி, இலவசமாக எது கிடைக்கும்? புத்தகம் போடுபவருக்கு நல்ல செய்தி: நூல்களுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை, 978 என்று தொடங்கும் அதை, இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றித் தருகிறது. தன் நூலைத் தானே வெளியிடும் எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் இதையே காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பாட்டின் ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி குறியீட்டை, பாடலை இணையத்தில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனங்கள் பலவும் தனிக் கட்டணமின்றி ஒதுக்குகின்றன. சொந்தக் கடைக்குள் மட்டும் விற்கிறீர்களா? 20 முதல் 29 வரை தொடங்கும் எண்கள் உள்பயன்பாட்டுக்கென்றே விடப்பட்டவை, நீங்களே இட்டுக்கொள்ளலாம். வெளியே விற்கும்போது மட்டும், பழைய எண்ணை மலிவாகத் தள்ளிவிடுபவரிடம் வாங்காதீர்கள். அது இன்னொருவர் பெயரில் பதிவாகியிருக்கும்.

தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். கோடுகளுக்குப் பட்டைக்குறி போதும். எண்ணுக்குப் பொருள் அடையாள எண். இரண்டும் சேர்ந்த முழு அடையாளத்துக்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது. சிலப்பதிகாரம் புகார்த் துறைமுகத்துச் சரக்கு மூட்டைகளைப் பற்றி, "வம்ப மாக்கள் தம்பெயர் பொறித்த கண்ணெழுத்துப் படுத்த எண்ணுப் பல்பொதி" என்கிறது. வந்திறங்கிய வணிகர் தம் பெயரும் அடையாளமும் எழுதி வைத்த மூட்டைகள். சரக்கின் மேல் எழுதும் அந்த அடையாளத்தின் பெயர் கண்ணெழுத்து. உங்கள் சோப்பு உறையை அச்சுக்குக் கொடுக்கும்போது, "கண்ணெழுத்துக்கு இடம் விடுங்கள்" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.